ஆஷ் தோற்பார் என்று எல்லோரும் சொன்னார்கள்!

ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதம் வந்தால் நம்மில் பாதிப் பேர் டென்னிஸ் நிபுணர்களாகி விடுகிறோம். "இந்த முறை இவர்தான்" என்று அடித்துச் சொல்வோம். சொன்னபடி நடந்தால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்போம். நடக்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்.

ஒரு பெரிய இறுதிப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? சொல்ல முடியும் என்று நம்பித்தான் இங்கிலாந்தில் ஒரு பெரிய தொழிலே நடக்கிறது. அந்தத் தொழிலும் விம்பிள்டனும் சந்தித்த சில கதைகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. நடுநாயகமாக 1975-ம் ஆண்டு இறுதிப் போட்டி. அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பழைய கதை.

பந்தயக் கணக்கு என்றால் என்ன?

இங்கிலாந்தில் பந்தயம் வாங்குபவர்களை புக்மேக்கர்கள் என்பார்கள். 1960-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, 1961 மே முதல் தெருமுனைகளில் சட்டபூர்வமான பந்தயக் கடைகள் திறக்கப்பட்டன. நம் ஊரில் டீக்கடை மாதிரி, அங்கே அது சாதாரணக் கடை. குதிரை, கால்பந்து, டென்னிஸ், தேர்தல் என்று எதற்கும் பணம் கட்டலாம்.

புக்மேக்கர் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு விலை சொல்வார். ஒரு உதாரணம் பார்ப்போம். "3-க்கு 1" என்றால் 1 பவுண்டு கட்டி, அவர் ஜெயித்தால் 3 பவுண்டு லாபம் (கட்டிய ஒரு பவுண்டும் திரும்பக் கிடைக்கும்). அதாவது அவர் ஜெயிக்க நூற்றுக்கு 25 வாய்ப்பு என்று விலை சொல்கிறது. எதிரில் இருப்பவர் பலசாலி. அவருக்கு "1-க்கு 5", அதாவது 5 பவுண்டு கட்டினால்தான் 1 பவுண்டு லாபம். இதைக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 83 வருகிறது.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 25 + 83 = 108. நூறுக்கு மேல் எப்படி வரும்? அந்த எட்டுதான் கடைக்காரரின் சம்பாத்தியம் :-) யார் ஜெயித்தாலும் தன் கையில் ஏதாவது மிஞ்சும்படி விலையை வைப்பதுதான் அவருடைய சாமர்த்தியம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் மேல் ஜனங்கள் பணத்தைக் கொண்டு போய்க் கொட்டினால், கடைக்காரர் அவருடைய லாபத்தைக் குறைத்து, எதிராளியின் லாபத்தை ஏற்றுவார். ஆகவே கடைசியில் பலகையில் தெரியும் விலை நிபுணரின் கணிப்பு மட்டுமல்ல. அதில் கூட்டத்தின் நம்பிக்கையும், ஆசையும், சில சமயம் கோபமும் கலந்திருக்கிறது.

தன் மேலேயே பணம் கட்டியவர்

1939. அமெரிக்காவின் பாபி ரிக்ஸ் தன் 21-வது வயதில் முதல் முறையாக விம்பிள்டன் வருகிறார். அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் ஜெர்மனியின் வான் கிராமிடம் 6-0, 6-1 என்று படுதோல்வி. இந்தப் பையன் மேல் யார் பணம் கட்டுவார்கள்?

அவரே கட்டினார்! பின்னாளில் ரிக்ஸ் தன் புத்தகத்தில் சொன்ன கணக்கு இது: ஒற்றையரில் ஜெயிப்பேன் என்று 100 பவுண்டு, 3-க்கு 1 விலையில். அதில் ஜெயித்தால் அந்தப் பணம் அப்படியே இரட்டையர் பிரிவின் மேல், 6-க்கு 1. அதிலும் ஜெயித்தால் கலப்பு இரட்டையர் மேல், 12-க்கு 1. மூன்றில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு.

மூன்றையும் ஜெயித்தார். ஒற்றையர் இறுதிப் போட்டியில் எல்வுட் குக்கிடம் இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் பின்தங்கி, 2-6, 8-6, 3-6, 6-3, 6-2 என்று மீண்டு வந்தார். அதே குக்குடன் சேர்ந்து இரட்டையர், ஆலிஸ் மார்பிளுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர். ஆக மொத்தம் 21,600 பவுண்டு என்கிறார் ரிக்ஸ். (100-ஐ 3, 6, 12 ஆல் வரிசையாகப் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.) செப்டம்பரில் உலகப் போர் தொடங்கி, பணம் போர் முடியும் வரை லண்டன் வங்கியிலேயே கிடந்ததாகவும் சொல்கிறார். இன்றைக்கு எந்த ஆட்டக்காரரும் டென்னிஸ் மேல் பந்தயம் கட்டவே கூடாது. கட்டினால் தடைதான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பணம் அல்ல. குயின்ஸ் கிளப்பின் 6-0, 6-1-ஐ உலகம் பார்த்தது. தன் கையில் என்ன இருக்கிறது என்பது ரிக்ஸுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இதே ரிக்ஸ் 34 வருடம் கழித்து எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டார். 1973-ல், 55 வயதில், "பெண்கள் டென்னிஸ் ஒரு டென்னிஸே இல்லை" என்கிற ரீதியில் பேசிக்கொண்டு மே மாதம் மார்கரெட் கோர்ட்டை 6-2, 6-1 என்று தோற்கடித்தார். செப்டம்பர் 20-ம் தேதி ஹூஸ்டனில் பில்லி ஜீன் கிங்குடன் ஆட்டம். நேரில் பார்த்தவர்கள் 30,472 பேர். பந்தயப் பணம் ரிக்ஸ் பக்கம்தான் சாய்ந்திருந்தது. கிங் 6-4, 6-3, 6-3 என்று நேர் செட்களில் ஜெயித்தார். மார்கரெட் கோர்ட்டுக்கு நடந்ததை வைத்து கிங்குக்கு விலை போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

1975: எல்லோருக்கும் தெரிந்த முடிவு

சரி, இப்போது முக்கியமான கதைக்கு வருவோம்.

1975 ஜூலை 5, விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஜிம்மி கானர்ஸ், 22 வயது, நடப்புச் சாம்பியன். மறுபக்கம் ஆர்தர் ஆஷ். இன்னும் ஐந்து நாளில் 32 முடியப்போகிறது. ஆறாவது தரவரிசை கொடுக்கப்பட்டவர்.

கானர்ஸ் சாதாரண சாம்பியன் இல்லை. 1974-ல் அவர் ஆடிய மூன்று கிராண்ட்ஸ்லாம் போட்டிகளையும் ஜெயித்தார். (நான்காவதான பிரெஞ்சு ஓப்பனில் ஆட அவரை அனுமதிக்கவில்லை.) அந்த வருடம் முழுவதும் அவர் தோற்றது நான்கே முறை. விம்பிள்டன் இறுதியில் கென் ரோஸ்வாலை 6-1, 6-1, 6-4 என்றும், அமெரிக்க ஓப்பன் இறுதியில் அதே ரோஸ்வாலை 6-1, 6-0, 6-1 என்றும் துவைத்து எடுத்தார். 1975-ல் லாஸ் வேகாஸில் நடந்த சவால் ஆட்டங்களில் ராட் லேவரையும் ஜான் நியூகோம்பையும் வென்றார். அந்த வருட விம்பிள்டனில் இறுதிக்கு வரும் வரை ஒரு செட்கூட இழக்கவில்லை. அரையிறுதியில் ராஸ்கோ டானரின் இடி மாதிரியான சர்வீஸை அதைவிட வேகமாகத் திருப்பி அடித்து 6-4, 6-1, 6-4 என்று முடித்தார்.

ஆஷ் எப்படி வந்தார்? காலிறுதியில் போர்க்கிடம் முதல் செட்டை இழந்து பிறகு ஜெயித்தார். அரையிறுதியில் டோனி ரோச்சுடன் ஐந்து செட். அதற்கு முன் கானர்ஸை மூன்று முறை சந்தித்து மூன்றிலும் தோல்வி.

இதை வைத்து நீங்கள் என்ன முடிவு செய்வீர்கள்? உலகமும் அதையேதான் செய்தது. பந்தயக் கடைகளில் கானர்ஸ் மேல் பணம் கட்டினால் கிடைக்கும் லாபம் பெட்டிக்கடைச் சில்லறை அளவுதான். ஆஷ் ஜெயிப்பாரா என்று கேட்க ஆளில்லை. அவமானப்படாமல் தோற்பாரா என்பதுதான் பேச்சு.

இதற்கு நடுவே இன்னொரு விஷயம். கானர்ஸ் அமெரிக்காவின் டேவிஸ் கோப்பை அணியில் ஆட மறுத்ததை ஆஷ் விமர்சித்திருந்தார். ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். கானர்ஸ் தரப்பு அவர் மேல் பல மில்லியன் டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தது. வழக்குப் போட்டவரும் வழக்கில் சிக்கியவரும் சென்டர் கோர்ட்டில் எதிரெதிரே! ஆஷ் அன்று டேவிஸ் கோப்பை அணியின் சட்டையை மேலே போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். வாயைத் திறக்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

ஆஷ் எங்கிருந்து வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரம். வெள்ளையர் ஆடும் நல்ல டென்னிஸ் மைதானங்களில் கறுப்பினப் பையனுக்கு இடமில்லாத காலத்தில் அங்கே வளர்ந்தவர். 1968-ல் அமெரிக்க ஓப்பனையும் 1970-ல் ஆஸ்திரேலிய ஓப்பனையும் ஜெயித்திருந்தார். விம்பிள்டன் மட்டும் பாக்கி. அதுவரை எந்தக் கறுப்பின ஆணும் அங்கே ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. அந்த வயதில் இன்னொரு வாய்ப்பு வரும் என்று அவரே நம்பியிருக்க முடியாது.

முதல் நாள் ராத்திரி

இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு ஆஷ் தன் நண்பர்களுடன் லண்டன் பிளேபாய் கிளப்பில் சாப்பிடப் போனார். (அது ஒரு சூதாட்ட விடுதியும்கூட. என்ன பொருத்தம்!) டொனால்ட் டெல், டென்னிஸ் ரால்ஸ்டன், சார்லி பசரெல் போன்ற டென்னிஸ்காரர்கள் பேசிப் பேசி ஒரு திட்டம் போட்டார்கள்.

ஆஷின் ஆட்டம் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். பலமான சர்வீஸ், பலமான அடி, எதையும் ஓங்கி அடிப்பது. கானர்ஸுக்கு வேண்டியதும் அதுதான். எதிராளி தரும் வேகத்தையே வாங்கி இரட்டிப்பாகத் திருப்பித் தருவதுதான் அவர் வித்தை. டானர் செத்தது அப்படித்தான்.

எனவே வேகமே கொடுக்கக் கூடாது என்று முடிவானது. கானர்ஸின் ஃபோர்ஹேண்ட் பக்கம் பந்தை மெதுவாக, தாழ்வாகப் போட வேண்டும். அந்தப் பக்கம் தாழ்வாக வரும் மெதுவான பந்துதான் அவருடைய பலவீனம். சர்வீஸை அகலமாகப் போட்டு, இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடிக்கும் அவரை மைதானத்துக்கு வெளியே இழுக்க வேண்டும். வலைக்கு அருகே வந்தால் தலைக்கு மேல் லாப். சுருக்கமாக, ஆஷ் அதுவரை ஆடி வந்த ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும். திட்டத்தைக் குறித்த காகிதத்தை ஆஷ் மறுநாள் மைதானத்துக்கும் கொண்டு போனார்.

இது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று யோசியுங்கள். பத்துப் பதினைந்து வருடம் பழகிய ஆட்டத்தை வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் மாற்றுவது! பரீட்சைக்கு முதல் நாள் கை மாற்றி எழுதப் பழகுவது மாதிரி.

முதல் செட் 6-1 ஆஷுக்கு. இரண்டாவது செட்டும் 6-1. அரங்கமே நம்பவில்லை. கானர்ஸ் ஓங்கி அடிக்க, பந்துகள் வலையிலும் கோட்டுக்கு வெளியேயும் போயின. பக்கம் மாறும் இடைவேளைகளில் ஆஷ் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது செட் 7-5 என்று கானர்ஸ் எடுத்தார். நான்காவதில் 3-0 முன்னிலை. "சரி, கதை பழையபடி திரும்பிவிட்டது" என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். இந்த இடத்தில் பயந்துபோய்த் தன் பழைய ஆட்டத்துக்கு, ஓங்கி அடிக்கும் ஆட்டத்துக்கு ஆஷ் திரும்பியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் திரும்பவில்லை. திட்டத்தையே பிடித்துக்கொண்டு அந்த செட்டை 6-4 என்று எடுத்தார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற ஒரே கறுப்பின வீரர் இன்றுவரை அவர்தான். வழக்கும் பிறகு வாபஸ் ஆனது.

கணித்தவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள்?

"நிபுணர்கள் எல்லாம் முட்டாள்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது சரியில்லை. அவர்கள் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் கானர்ஸ்தான் பலசாலி. நூற்றுக்கு 10 வாய்ப்பு என்று சொன்ன விஷயம் நடந்துவிட்டால், சொன்னவர் தப்பாகச் சொன்னார் என்று அர்த்தமில்லை. பத்தில் ஒரு முறை நடக்கும் என்றுதானே அவரே சொன்னார்! ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து விலை சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனாலும் அவர்கள் மூன்று விஷயங்களைக் குறைத்து எடை போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதலாவது, அதே 1975 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் கானர்ஸ் நியூகோம்பிடம் தோற்றிருந்தார். அவரை இறுதிப் போட்டியில் வீழ்த்த முடியும் என்பதற்கு ஆறு மாதத்துக்கு முந்தைய அத்தாட்சி அது. ஆனால் மக்கள் மனதில் நின்றது அரையிறுதியில் டானரை அவர் அடித்த அடிதான். நேற்றுப் பார்த்தது ஜனவரியில் பார்த்ததை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, கானர்ஸ் அந்தப் போட்டியில் காலில் காயத்தோடு ஆடினார் என்பது பிற்பாடு தெரியவந்தது. பணம் கட்டிய யாருக்கும் அது தெரியாது. பந்தய விலை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வெளியே தெரிந்த தகவல்தான் அதில் இருக்கும்.

மூன்றாவதுதான் பெரியது. மூன்று முறை மோதினார்கள், மூன்றிலும் ஆஷ் தோற்றார் என்றால் நான்காவதிலும் அப்படித்தான் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரியாக வர, நான்காவது முறையும் அதே ஆஷ் அதே மாதிரி ஆட வேண்டும். மூன்று தோல்வியிலிருந்து கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. தோற்றவரும் அதே மூன்று ஆட்டங்களிலிருந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்! பகடைக்கும் மனிதனுக்கும் இதுதான் வித்தியாசம். பகடை தன் பழைய தோல்வியைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து யோசிப்பதில்லை.

டென்னிஸ் கணக்கு ஒன்று

பிறகு ஏன் டென்னிஸில் பெரும்பாலும் பலசாலியே ஜெயிக்கிறார்? அதற்கு ஆட்டத்தின் அமைப்பே காரணம். ஒரு ஆட்டக்காரர் ஒவ்வொரு புள்ளியையும் நூற்றுக்கு 55 என்ற வாய்ப்பில் ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம்தான் உசத்தி. ஆனால் கணக்குப் போட்டால் ஒரு கேமை ஜெயிக்க அவருக்கு நூற்றுக்கு 62 வாய்ப்பு, ஒரு செட்டுக்கு சுமார் 81, ஐந்து செட் ஆட்டத்துக்கு சுமார் 95! சின்ன வித்தியாசம் படிப்படியாகப் பெரிதாகிறது. பந்தயக் கடைகளின் கணினிகள் இன்றைக்குப் புள்ளிக்குப் புள்ளி இந்த மாதிரிக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அதே அமைப்பு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் மொத்தம் 218 புள்ளிகள் ஜெயித்தார், ஜோகோவிச் 204. கடைசி செட்டில் 8-7, 40-15 என்று பட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி தூரத்தில் ஃபெடரர் நின்றார். அந்த நிமிடம் உலகத்தின் எந்தக் கணினியும் அவரைத்தான் சொல்லியிருக்கும். ஜெயித்தது ஜோகோவிச். எத்தனை புள்ளி என்பதைவிட எந்தப் புள்ளி என்பது முக்கியமாகிவிட்டது.

செத்த பிறகு ஜெயித்த பந்தயம்

கடைசியாக ஒரு கதை. 2003-ல் ஃபெடரர் முதல் முறையாக விம்பிள்டன் ஜெயித்தபோது அவருக்கு வயது 21. அப்போது இங்கிலாந்தில் ஒருவர் பந்தயக் கடைக்குப் போய், "2019-க்குள் இந்தப் பையன் ஏழு முறை விம்பிள்டன் ஜெயிப்பான்" என்று 1,520 பவுண்டு கட்டினார். ஏழு என்பது பீட் சாம்ப்ராஸின் எண்ணிக்கை. அதை இன்னொருவர் தொடுவார் என்று அப்போது யார் நம்புவார்கள்? கடைக்காரர் 66-க்கு 1 விலை கொடுத்தார்.

அந்த மனிதர் 2009-ல் இறந்துபோனார். போகும்போது தன் பந்தயச் சீட்டுகளை ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதே வருடம் ஃபெடரர் தன் 14-வது கிராண்ட்ஸ்லாமை ஜெயிக்க, அதன் மேல் அவர் கட்டியிருந்த 250 பவுண்டு 16,750 ஆகி ஆக்ஸ்ஃபாமுக்குப் போனது.

ஏழாவது விம்பிள்டன் மட்டும் வரவில்லை. 2010-லும் 2011-லும் ஃபெடரர் காலிறுதியிலேயே தோற்றார். "அவ்வளவுதான், முடிந்தது" என்றார்கள். 2012-ல் மூன்றாவது சுற்றில் பென்னெட்டோவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து தப்பிப் பிழைத்தார். இறுதிப் போட்டியில் எதிரில் ஆண்டி மர்ரி. 1938-க்குப் பிறகு ஆண்கள் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் பிரிட்டன்காரர். நாடே அவர் பக்கம். ஃபெடரர் 4-6, 7-5, 6-3, 6-4 என்று ஜெயித்தார். ஆக்ஸ்ஃபாமுக்கு 1,01,840 பவுண்டு.

மற்றவர்கள் நேற்றைய ஆட்டத்தைப் பார்த்து நாளைக்குப் பணம் கட்டினார்கள். இவர் ஒரு இளைஞன் ஆடும் விதத்தைப் பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்கத் தயாராக இருந்தார். பலனை அனுபவிக்க அவர் இல்லை. அனுபவித்தது அவர் முகம் பார்த்திராத ஏழைகள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பந்தயம் கட்டக் கிளம்ப வேண்டாம் :-) அந்த நூற்றியெட்டுக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள், நீண்ட நாளில் ஜெயிப்பவர் யார் என்று புரியும். மேலே சொன்ன கதைகள் நமக்குத் தெரிவதே அவை அபூர்வம் என்பதால்தான். ரிக்ஸ் மாதிரி கட்டித் தோற்றவர்களின் கதையை யாரும் புத்தகமாக எழுதுவதில்லை.

கணித்துப் பார்ப்பதில் தப்பில்லை. அடுத்த இறுதிப் போட்டிக்கு முன்னால் இரண்டு பேரின் பழைய கணக்கையும் புரட்டிவிட்டு, இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: தோற்பார் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவர் இதுவரை செய்யாத எதையாவது செய்ய முடியுமா? 1975 ஜூலை 5-ம் தேதி காலையில் இதைக் கேட்டிருந்தால் பதில் ஆஷின் காகிதத்தில் இருந்தது.